பிணவறை வாசலில் எழுதப்படும் சமரசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘போலீசார் நடத்திய பேச்சுவார்த்தையைத் தொடர்ந்து உறவினர்கள் உடலைப் பெற்றுச் சென்றனர்.’ பிரசவத்தில் தாய் இறந்தாலும், சின்ன ஆபரேஷனுக்குப் போனவர் மயக்க மருந்திலிருந்து எழாமலே போனாலும், மாவட்டப் பக்கச் செய்தி பெரும்பாலும் இந்த வரியோடுதான் முடிகிறது. அந்தப் பேச்சுவார்த்தையில் யார் என்ன பேசினார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள், எவ்வளவு கைமாறியது என்பதெல்லாம் மறுநாள் தாளிலும் வருவதில்லை.

நுகர்வோர் ஆணையங்களில் மருத்துவ வழக்குகள் நடத்துபவர்களுக்கு அந்தத் தாள் நன்றாகவே தெரியும். முத்திரைத்தாளில் நான்கைந்து வரி இருக்கும். மரணம் இயற்கையானது, மருத்துவமனை மீது எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை, மனிதாபிமான அடிப்படையில் இன்ன தொகை பெற்றுக்கொண்டோம், இனி போலீசிலோ கோர்ட்டிலோ எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம். கீழே சித்தப்பாவோ மைத்துனரோ யாரோ ஒருவர் கையெழுத்து. சாட்சிக்கு ஊர்ப் பெரியவர் இருவர். இறந்தவரின் மனைவி அப்போது பிணவறைத் திண்ணையில் மயங்கிக் கிடப்பார்.

சமரசமே கூடாது என்று சொல்ல வரவில்லை. முறையாக நடந்தால் சமரசம் இரு தரப்புக்கும் நல்லதுதான். ஆனால் சட்டம் எந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறதோ, அந்த வழியாகத்தான் சமரசம் நடக்கும். நம் மாநிலத்தில் அதற்கு இருந்திருக்கக்கூடிய நல்ல வழிகள் இரண்டு. ஒன்றை மத்திய அரசு விதி போட்டு அடைத்துவிட்டது. இன்னொன்றைத் தமிழக அரசு இன்னும் திறக்கவே இல்லை. மிச்சமிருப்பது பிணவறை வாசல்.

முதலில் தொகையைப் பார்ப்போம். இந்தியாவில் நீதிமன்றமோ நுகர்வோர் ஆணையமோ கொடுக்கும் மருத்துவ அலட்சிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது; இத்தனை காயத்துக்கு இத்தனை ரூபாய் என்ற பட்டியலும் கிடையாது. கொல்கத்தாவில் நடந்த சிகிச்சைத் தவறால் 1998இல் நேர்ந்த ஒரு மரணத்துக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் வட்டி நீங்கலாகவே சுமார் 5.96 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கும் விபத்து வழக்குக் கணக்குக்குள் மருத்துவ வழக்கை அடைக்க வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பில் சொன்னது. என்றாலும் பேரம் பேச உட்காருபவர் கையில் ஓர் அடித்தளக் கணக்காவது இருக்க வேண்டும். அதற்கு விபத்து வழக்குக் கணக்கு போதும். திருப்பூரில் 34 வயது டெய்லர், மாதம் 15,000 ரூபாய் சம்பளம், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. நாற்பது வயதுக்குக் கீழே, நிரந்தர வேலை இல்லாதவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. நம்பி இருப்பவர்கள் நான்கு பேர், ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,89,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆகும். பிணவறை வாசலில் இதைப் போட்டுக் காட்ட ஒருவரும் இல்லாததால், இரண்டு மூன்று லட்சத்தை எடுத்து நீட்டினால் அது பெரிய தொகையாகத் தெரிகிறது.

அந்த முத்திரைத்தாள் எந்த அளவுக்குச் செல்லும்? வாங்குபவர் மட்டுமல்ல, பணம் கொடுக்கிற டாக்டரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ‘கிரிமினல் புகார் கொடுக்க மாட்டோம்’ என்ற வரிக்கு மதிப்பில்லை. குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் பணம் பேசும் ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதமானது, இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23இன்படி செல்லாது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1) மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது, சிகிச்சை அளித்த பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை. எப்.ஐ.ஆர். போட்டபின் அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதாவது, டாக்டர் எதற்காகப் பணம் கொடுக்கிறாரோ அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை.

கையெழுத்துப் போட்டவர் யார் என்பது அடுத்த கேள்வி. இறந்த இந்து ஆணின் முதல் நிலை வாரிசுகள் மனைவி, மகன், மகள், தாய். தகப்பனார்கூட அந்த வரிசையில் வரமாட்டார். தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ் வருவதற்கு முன் சித்தப்பா போட்ட கையெழுத்து மனைவியையோ தாயையோ கட்டுப்படுத்தாது; நுகர்வோர் சட்டத்தில் வாரிசே நேரடியாகப் புகார்தாரர் ஆகலாம். வாரிசுகளில் சிறுவர் இருந்தால் இன்னும் சிக்கல். சிவில் வழக்கில் மைனர் சார்பாக நீதிமன்ற அனுமதி இல்லாமல் செய்த சமரசத்தை அந்தப் பிள்ளை பின்னால் உடைக்கலாம். பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதித்த குழந்தைக்காகப் பெற்றோர் ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் தொகை, அந்தக் குழந்தையின் 40 ஆண்டு பிசியோதெரபிச் செலவுக்காகப் போய்ச் சேராது என்பதை நீதிமன்றம் பார்க்கும். பிணவறை வாசல் பார்க்காது.

இதில் குடும்பத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைதான். ‘உடம்பை அறுக்க வேண்டாம்’ என்ற உணர்வை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்ததா, மயக்க மருந்தில் கோளாறா, தையல் விட்டு உள்ளே ரத்தம் கொட்டியதா என்பதை உடல் மட்டுமே சொல்லும். எரித்துவிட்டால் வழக்கில் எஞ்சுவது மருத்துவமனை எழுதிவைத்த காகிதங்கள் மட்டும். போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய பிரிவு 174, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 194இன் கீழ் பதிய வைத்து, வேறோர் அரசு மருத்துவக் கல்லூரியில் பரிசோதனை கேட்பதுதான் சரி. உள்ளுறுப்புப் பகுதிகள் திசுப் பரிசோதனைக்கும் தடய அறிவியல் ஆய்வகத்துக்கும் போகின்றனவா என்று அன்றே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அந்த அறிக்கைகள் வர மாதங்கள் ஆகும். அதுவரை எந்தத் தொகையையும் ‘முழுமையாகவும் இறுதியாகவும்’ என்று எழுதி வாங்கக் கூடாது.

கேஸ் ஷீட் விஷயமும் இப்படித்தான். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு பக்கத்தை வைத்து வழக்கு நடத்த முடியாது. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்டால் ‘எம்.டி. ஊரில் இல்லை’ என்பார்கள். எழுத்தில் கொடுத்து, நேரம் குறித்து, சீல் வாங்க வேண்டும். எது எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: சேர்க்கைக் குறிப்பு, நர்ஸ் குறிப்பேடு, மருந்து அட்டவணை, சம்மதப் படிவம், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு. பிரசவமாக இருந்தால் பார்ட்டோகிராப் (பிரசவம் முன்னேறுவதை நேரவாரியாகக் குறிக்கும் வரைபடம்), சி.டி.ஜி. தாள் (குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவி பதியும் தாள்) இரண்டும் மிக முக்கியம். பார்ட்டோகிராப்பில் குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒரு முறை குறித்திருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கான புள்ளிகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருந்தால் அது அந்தந்த நேரத்தில் எழுதியதா என்று கேட்க வேண்டியிருக்கும். சி.டி.ஜி. வருவது வெப்பத்தாளில். பீரோவில் வைத்தாலும் மாதங்களில் வெளுத்துப்போகும். கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும்.

டாக்டர்கள் தரப்பையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் நியாயமாக இருக்காது. நோயாளி இறந்தார் என்பதாலேயே அலட்சியம் ஆகிவிடாது. அந்தத் துறையில் தேர்ந்த ஒரு மருத்துவர் ஏற்கக்கூடிய சிகிச்சை கொடுக்கப்பட்டதா என்பதே அளவுகோல். கிரிமினல் வழக்குக்கு அதைவிடக் கடுமையான, மன்னிக்க முடியாத அலட்சியம் தேவை என்றும், புகாருக்கு ஆதாரமாக வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்து வேண்டும் என்றும், வழக்கமாகக் கைது செய்யக் கூடாது என்றும் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவறே செய்யாத டாக்டர்கூட வாசலில் கூட்டத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார். அவருடைய காப்பீட்டு பாலிசியிலோ, கம்பெனியின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. இரவோடிரவாகக் கொடுத்த தொகை அவருடைய சொந்தப் பணம்தான், கம்பெனி திருப்பித் தராது. ‘மனிதாபிமான உதவி’ என்ற சொல் முத்திரைத்தாளில் வந்து உட்கார இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான் ஒரு மாநிலச் சட்டம் பேரத்தின் தராசையே சாய்க்கிறது. 2008ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணியாளர்கள், மருத்துவ நிறுவனங்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 10 ஆண்டு வரை சிறை, பிணையில் விடமுடியாத குற்றம். தேவையான சட்டம்தான்; டாக்டர் மீது கை வைப்பதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் நடப்பதைக் கவனியுங்கள். ஆத்திரத்தில் ஒரு தம்பி வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்துவிடுகிறார். அடுத்த அரை மணியில் பேச்சே மாறிவிடுகிறது: ‘நீங்கள் உங்கள் புகாரை விடுங்கள், நாங்கள் எங்கள் புகாரை விடுகிறோம்.’ முப்பது லட்ச ரூபாய் உரிமை ஒரு கண்ணாடிக்கு ஈடாகப் போய்விடுகிறது. குடும்பத்துக்குச் சொல்லவேண்டிய முதல் புத்திமதி இதுதான்: ஒரு நாற்காலியைக்கூடத் தள்ளாதீர்கள்.

சரி, முறையான இடம் எது? 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவரின் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அன்றிலிருந்து நுகர்வோர் ஆணையம்தான் முக்கிய வழி. 2019ஆம் ஆண்டு சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். எந்த ஆணையம் என்பதும் புகார்க் கட்டணமும் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, மருத்துவமனைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால், 30 லட்சம் கேட்டாலும் கட்டணம் ஒரு பைசா இல்லை. மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியிருந்தாலும் அது விலை கொடுத்துப் பெற்ற சேவையே என்று 1995 தீர்ப்பு சொல்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் தனியார் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு இது தெரிய வேண்டும். காலக்கெடு இரண்டு ஆண்டு. ‘மீதித் தொகையை அடுத்த மாதம் தருகிறோம்’ என்று தவணை சொல்லிச் சொல்லியே அந்த இரண்டு ஆண்டைக் கடத்திவிடுவதும் நடக்கிறது.

அதே சட்டத்தில் சமரசத்துக்கும் இடம் இருக்கிறது. புகாரை ஏற்றபின் முதல் விசாரணையிலேயே, தீர்வுக்கு வாய்ப்புத் தெரிந்தால் 5 நாளுக்குள் இரு தரப்பின் எழுத்து மூலச் சம்மதம் கேட்டு மத்தியஸ்தருக்கு அனுப்பலாம். ஆனால் 2020ஆம் ஆண்டு மத்தியஸ்த விதிகளின் 4ஆம் விதி, மரணமோ கொடுங்காயமோ விளைந்த மருத்துவ அலட்சிய வழக்குகளை மத்தியஸ்தத்துக்கு அனுப்பக் கூடாது என்று விலக்கிவிட்டது. பெரிய குற்றத்தைப் பேசி மூடிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணமாக இருக்கலாம். விளைவு தலைகீழ். பல் பிடுங்கிய தகராறுக்கு மத்தியஸ்தர் உண்டு; தாயை இழந்த குடும்பத்துக்கு இல்லை. கேஸ் ஷீட்டை நடுவில் வைத்து, இரு தரப்பு வழக்கறிஞரும் காப்பீட்டு கம்பெனி ஆளும் உட்கார்ந்து பேச வேண்டிய வழக்குகள் இவைதான். அந்த அறையை மூடியதால் பேச்சு நிற்கவில்லை, தெருவுக்குப் போய்விட்டது. மருத்துவமனைச் சேவைக்காக 1 கோடி வரை விசாரிக்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் சமரசத்துக்கு உட்படாத குற்றம் தொடர்பான விஷயத்தில் அதற்கு அதிகாரமில்லை என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. மரண வழக்கில் எதிர்த்தரப்பு எடுத்து வைக்கக்கூடிய முதல் ஆட்சேபணை அதுவாகத்தான் இருக்கும்.

இப்போதைக்கு ஒரே பாதுகாப்பான வழி, இரு தரப்பும் தாமாகப் பேசி முடித்தாலும் புகாரைப் போட்டு, சமரச மனுவை ஆணையத்தின் முன் வைத்து உத்தரவாகப் பெறுவது. தவணை தவறினால் தீர்ப்பாணைபோல் நிறைவேற்றலாம். மீறினால் நுகர்வோர் சட்டப் பிரிவு 72இல் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. முத்திரைத்தாளும் பின்தேதியிட்ட செக்கும் மட்டும் கையில் இருந்தால், செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் விட்டுத் தனி வழக்காக அலைய வேண்டும்.

எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையமும் இல்லை; சிலரிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் மட்டும் இலவச நோயாளியும் அங்கே போகலாம். மற்றவர்களுக்குச் சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018இல் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதற்கு, மதுரைக் கிளை அடுத்த ஆண்டே 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அந்த வேகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996 ஆகஸ்டில், 29ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைக்குச் செய்தாக வேண்டிய விழித்திரைப் பரிசோதனை செய்யப்படவில்லை. இரு கண்ணும் போயின. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக்கியபோது 2015 ஜூலை. அந்தக் குழந்தைக்கு அப்போது வயது 18 முடிந்து 19 ஆகப் போகிறது.

தமிழக அரசு திறக்காத வழி எது என்று சொல்ல வேண்டும். மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். நம்மிடம் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன, 21 ஆண்டு கழித்து. மாவட்டத்தில் அதைச் செயல்படுத்துபவர் நலப்பணிகள் இணை இயக்குநர். அவர் ஆய்வு செய்யலாம், பதிவு மீது நடவடிக்கைக்கு வழி செய்யலாம். இழப்பீடாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வைக்க முடியாது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலும் டாக்டரின் பதிவைத்தான் தொடலாம். மாநிலப் பட்டியல் தரும் இதே அதிகாரத்தை வைத்து மேற்கு வங்கம் 2017இல் தன் சட்டத்தை மாற்றி எழுதி, தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைத்தது. மருத்துவமனையின் குறைபாட்டால் சாதாரணக் காயம் என்றால் 3 லட்சம் வரை, கொடுங்காயம் என்றால் 5 லட்சம் வரை, மரணம் என்றால் 10 லட்சத்துக்குக் குறையாமல் என்று சட்டத்திலேயே எழுதியது. தனி மருத்துவரின் சிகிச்சைத் தவறு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். மருத்துவமனை நிர்வாகத்தின் குறைபாடு ஆணையத்துக்கு. காயத்துக்கான உச்சவரம்புகள் மிகக் குறைவு, அவற்றை நாம் காப்பியடிக்க வேண்டாம். மரணத்துக்கு வைத்த அடித்தளத் தொகைதான் கவனிக்க வேண்டியது. பத்து லட்சத்துக்குக் கீழே போகாது என்று சட்டமே சொல்லும் மாநிலத்தில், இரண்டு லட்சத்தை எடுத்து நீட்ட யாருக்கும் துணிவு வராது.

சுகாதாரத் துறையிடம் கேட்பது இவ்வளவுதான். 1997 சட்டத்தைத் திருத்துங்கள். மரணப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கேஸ் ஷீட்டின் சான்றிட்ட நகலை இணை இயக்குநர் அலுவலகத்தில் ஒப்படைக்க வையுங்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் சேர்த்து எழுத முடியாது. இடைக்கால இழப்பீட்டை, அலட்சியம் நடந்ததா என்ற இறுதி முடிவைப் பாதிக்காமல், ஆணை மூலம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மரணம் நிகழ்ந்து 30 நாளுக்குள் மருத்துவமனைக்கும் குடும்பத்துக்கும் இடையே எழுதப்படும், ‘இனி எதுவும் கோர மாட்டோம்’ என்ற எந்த விடுதலைப் பத்திரமும், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் ஒருவர் வாரிசுகளுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்திட்டாலன்றிச் செல்லாது என்று எழுதுங்கள். டாக்டர்களுக்கும் இதில் லாபம் உண்டு. தவறு செய்யாதவர் பணம் கொடுக்க வேண்டியதில்லை, செய்தவருக்குக் காப்பீட்டு கம்பெனி கொடுக்கும். மத்தியஸ்த விதி 4ஐ மாற்றக் கேட்டு மத்திய அரசுக்கும் மாநில அரசு எழுதலாம்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘உடலைப் பெற்றுச் சென்றனர்’ என்று எழுதும்போது இன்னும் மூன்று விவரங்களைக் கேட்டு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பிரேதப் பரிசோதனை நடந்ததா, கேஸ் ஷீட் கேட்டு எழுத்தில் கொடுத்தார்களா, சமரசத் தாளில் கையெழுத்துப் போட்டவர் இறந்தவருக்கு என்ன உறவு.

இப்படிக்கு,
நுகர்வோர் ஆணையங்களில் வழக்காடும் வழக்கறிஞர்கள்,
மதுரை